இரட்டைச் சொடுக்கில் சொல் முழுதாகத் தெரிவாகவில்லையா? புதியவர்களுக்கான வழிகாட்டி

திரையில் உள்ள ஒரு சொல்லின்மேல் மௌஸின் இடப் பொத்தானை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் அந்தச் சொல் முழுவதும் நீல நிறத்தில் தெரிவாகிவிடும் என்பது கணினி வகுப்பில் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம். மன்னார்குடியிலோ திருவாரூரிலோ ஓர் இ-சேவை மையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பதியும் நெரிசலான நாட்களில் அந்தப் பாடத்தை நம்பி வேலையைத் தொடங்கும்போதுதான் அது எல்லா நேரத்திலும் பலிப்பதில்லை என்பதை அறிகிறார். 147/3ஏ என்ற புல எண்ணைச் சொடுக்கினால் 147 மட்டும் தெரிவாகிறது; ஆதார் எண்ணைச் சொடுக்கினால் நான்கு இலக்கங்கள் மட்டும் வருகின்றன; வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டை நகலெடுத்து ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியும் கூடவே வந்துவிட, இணையப் படிவம் அதை ஏற்க மறுக்கிறது. கும்பகோணத்து டிடிபி கடையில் அழைப்பிதழ் அடிப்பவருக்குச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அங்கே நீடாமங்கலம் என்ற ஊர்ப்பெயரே நடுவில் உடைந்து, பாதிதான் தெரிவாகிறது.

இவை அனைத்துக்கும் மௌஸைக் குறை சொல்வதும், உடனே மௌஸின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதும் பரவலான பழக்கம். ஆனால் மேலே சொன்னவற்றில் எதுவுமே மௌஸின் குற்றம் அன்று. இரட்டைச் சொடுக்கு நாம் எதிர்பார்த்தபடி நடக்காமல் போவதற்கு நான்கு இடங்களில் காரணம் இருக்கலாம்: இரண்டு சொடுக்குகளுக்கு இடையே நாம் எடுத்துக்கொள்ளும் நேரம், சொல்லின் எல்லையைப் பற்றி அந்தந்தச் செயலி வைத்திருக்கும் விதி, அந்த உரை அடிக்கப்பட்ட எழுத்துருவின் வகை, கடைசியாக மௌஸ் பொத்தானின் தேய்மானம். எந்த இடத்தில் கோளாறு என்று பார்த்துவிட்டுப் பிறகு அமைப்பை மாற்றுவதே முறை.

சோதனைத் தாள் ஒன்று

எந்த அமைப்பைத் தொடுவதற்கு முன்பும், வேர்டிலோ லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரிலோ ஒரு புதிய கோப்பைத் திறந்து, அன்றாடம் கையாளும் உரை வகைகளை ஒரு வரிக்கு ஒன்றாக அடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் நீடாமங்கலம், அடுத்த வரியில் தலைப்பெழுத்தும் பெயரும் இடைவெளியின்றிச் சேர்ந்த கு.முருகன், அதன் கீழ் 147/3ஏ என்ற புல எண் என்று எழுதலாம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12ஐ ஒரு வரியில் 12-06-2025 என்று சிறுகோட்டுடனும், இன்னொரு வரியில் 12.06.2025 என்று புள்ளியுடனும் எழுதுங்கள். 1,25,000 என்ற தொகை, 1111 2222 3333 என்று ஆதார் எண்ணைப் போல் மூன்று தொகுதிகளாகப் பிரித்த பன்னிரண்டு இலக்கங்கள், ஒரு மின்னஞ்சல் முகவரி, ஓர் ஐஎஃப்எஸ்சி குறியீடு ஆகியவையும் வேண்டும். பயிற்சிக்கு உண்மையான ஆதார் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். கடைக் கணினியில் சேமித்த கோப்பு யார் கண்ணிலும் படலாம்.

இப்போது ஒவ்வொரு வரியிலும் இரட்டைச் சொடுக்குச் செய்து, எது வரை நிறம் மாறித் தெரிவாகிறது என்று பாருங்கள். எல்லா வரிகளிலும் சொடுக்குப் பலிக்காமல் கர்சர் மட்டும் நின்று மினுக்கினால் அது நேரத்தின் சிக்கல். புல எண்ணும் தேதியும் மட்டும் உடைந்தால் அது செயலியின் விதி. தமிழ்ச் சொற்கள் மட்டும் உடைந்தால் பெரும்பாலும் எழுத்துருவே காரணம். இதே தாளின் உரையை நீங்கள் பயன்படுத்தும் மற்றச் செயலிகளிலும் ஒட்டிச் சோதித்தால், ஒரே வரி ஒவ்வொரு செயலியிலும் ஒவ்வொரு விதமாகத் தெரிவாவதைக் காணலாம்.

இடைவெளி ஒட்டிக்கொண்டு வருகிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. நோட்பேடில் ஒரு திறப்பு அடைப்புக்குறியும் ஒரு மூடும் அடைப்புக்குறியும் இட்டு, அவற்றின் நடுவே கர்சரை வைத்து, நகலெடுத்ததை ஒட்டுங்கள். மூடும் குறிக்கு முன்னால் சந்து தெரிந்தால் இடைவெளியும் சேர்ந்து வந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டு சொடுக்குகளுக்கு இடையிலான நேரம்

விண்டோஸில் முதல் சொடுக்குக்கும் இரண்டாம் சொடுக்குக்கும் இடையே இயல்பாக அனுமதிக்கப்படும் நேரம் 500 மில்லி விநாடி, அதாவது அரை விநாடி. அதைத் தாண்டினால் கணினி அவற்றை இரண்டு தனித்தனிச் சொடுக்குகளாகவே எடுத்துக்கொள்ளும். வயது முதிர்ந்தவர்களுக்கும், கணினியை முதன்முறையாகத் தொடுபவர்களுக்கும் இந்த அரை விநாடி போதாமல் போவது இயல்பே. அவர்களை வேகமாக அழுத்தச் சொல்லி வற்புறுத்துவதைவிடக் கணினியைப் பொறுமையாக்குவது நல்லது.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் பகுதியைத் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ் என்பதைச் சொடுக்கி, அதில் மௌஸ் என்பதற்குள் செல்லுங்கள். பக்கத்தின் கீழே அடிஷனல் மௌஸ் செட்டிங்ஸ் என்ற இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கினால் பழைய பாணியில் ஒரு சிறு சாளரம் திறக்கும். அதன் முதல் தாவலான பட்டன்ஸ் என்பதில் டபுள் கிளிக் ஸ்பீடு என்ற நகர்த்துப் பட்டை உள்ளது. விண்டோஸ் 10இல் இதே சாளரத்துக்கு டிவைசஸ், மௌஸ், அடிஷனல் மௌஸ் ஆப்ஷன்ஸ் என்ற வழியில் செல்ல வேண்டும். பட்டையை ஸ்லோ என்ற முனைக்கு நகர்த்தினால் அனுமதிக்கப்படும் நேரம் 900 மில்லி விநாடி வரை கூடும். ஃபாஸ்ட் என்ற முனையில் அது 200 மில்லி விநாடியாகச் சுருங்கும். பட்டைக்கு அருகில் ஒரு கோப்புறைப் படம் இருக்கிறது. அதன்மேல் உங்கள் இயல்பான வேகத்தில் இருமுறை சொடுக்கி, அது ஒவ்வொரு முறையும் தவறாமல் திறந்து மூடும் நிலை வரும்வரை பட்டையை மெல்ல நகர்த்துங்கள். பிறகு அப்ளை, ஓகே ஆகியவற்றை அழுத்தினால் மாற்றம் நடைமுறைக்கு வந்துவிடும். கணினியை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை.

பட்டையை நேரே ஸ்லோ முனைக்கே கொண்டுபோய் வைத்துவிடலாமே என்று தோன்றும். அப்படி வைத்தால், ஓரிடத்தில் ஒருமுறை சொடுக்கிவிட்டுச் சற்றுப் பொறுத்து அதே இடத்தில் இன்னொருமுறை சொடுக்கும்போதும் கணினி அதை இரட்டைச் சொடுக்கென்று கொண்டு, கர்சரை வைக்க நினைத்த இடத்தில் சொல்லையே தெரிவு செய்துவிடும். அந்த நிலையில் கவனிக்காமல் ஏதாவது ஓர் எழுத்தை அடித்தால் தெரிவான சொல் அழிந்து அதன் இடத்தில் அந்த எழுத்து உட்காரும். ஆகவே உங்கள் கைக்குப் போதுமான அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேரம் மட்டுமல்லாமல் இடமும் கணக்கில் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் சொடுக்கு விழுந்த இடத்தைச் சுற்றி விண்டோஸ் இயல்பாக 4 பிக்சல் அகலமும் 4 பிக்சல் உயரமும் கொண்ட ஒரு சிறு கட்டத்தை வைத்திருக்கிறது. இரண்டாம் சொடுக்கு அதற்கு வெளியே விழுந்தால், எவ்வளவு விரைவாக அழுத்தினாலும் அது இரட்டைச் சொடுக்கு ஆகாது. கை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பட்டையை எவ்வளவு நகர்த்தியும் பயன் கிடைக்காமல் போவதன் காரணம் இதுதான். இந்தக் கட்டத்தின் அளவை மாற்ற மௌஸ் சாளரத்தில் வழியில்லை. விண்டோஸின் உள் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரிக்குள் சென்றுதான் மாற்ற வேண்டும், புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக அதே சாளரத்தின் பாயின்டர் ஆப்ஷன்ஸ் தாவலில் சுட்டுமுனையின் வேகத்தைக் குறைத்து, மணிக்கட்டை மேசைமேல் ஊன்றிக்கொண்டு சொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மேக் கணினியில் இந்த வேகம் சிஸ்டம் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்பதன் கீழ், பாயின்டர் கன்ட்ரோல் பகுதியில் இருக்கிறது. லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பதிப்பில் சிஸ்டம் செட்டிங்ஸின் மௌஸ் அண்ட் டச்பேட் பகுதியில் காணலாம்.

சொல் எங்கே முடிகிறது என்று யார் முடிவு செய்வது?

மேலே கண்ட மௌஸ் அமைப்பு இரண்டு சொடுக்குகளை ஓர் இரட்டைச் சொடுக்காகச் சேர்த்து, செயலியிடம் ஒப்படைப்பதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. சொடுக்கிய இடத்திலிருந்து இடப்புறமும் வலப்புறமும் எவ்வளவு தூரம் தெரிவு செய்ய வேண்டும் என்பதை வேர்டு, உலாவி, நோட்பேட் என ஒவ்வொரு செயலியும் தன் விதிப்படியே முடிவு செய்கிறது. இதற்கு விண்டோஸ் முழுமைக்குமான ஒரே பொத்தானைத் தேடினால் கிடைக்காது.

பொதுவான ஒரு பரிந்துரை இருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியெண் தரும் யூனிகோடு அமைப்பு தன் தரத்தின் 29ஆம் இணைப்பில், எந்தக் குறி வந்தால் சொல்லைப் பிரிக்கலாம், எது வந்தால் பிரிக்கக்கூடாது என்று விதிகளை வகுத்திருக்கிறது. அதன்படி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வரும் புள்ளியும், இரண்டு இலக்கங்களுக்கு நடுவே வரும் புள்ளியும் காற்புள்ளியும் சொல்லைப் பிரிப்பதில்லை, ஆகவே கு.முருகன், 12.06.2025, 1,25,000 ஆகியவை ஒவ்வொன்றும் ஒரே அலகாகக் கொள்ளத்தக்கவை. சாய்கோடும் சிறுகோடும் மின்னஞ்சலின் அட் குறியும் பிரிப்பவை. ஆகவே 147/3ஏ என்பதும் 12-06-2025 என்பதும் உடைவது அந்த விதிப்படி சரியே. தமிழின் புள்ளியும், கால், கொம்பு போன்ற உயிர்மெய்க் குறிகளும் முன்னுள்ள எழுத்தோடு ஒட்டியவையாகக் கருதப்படுவதால், யூனிகோடில் அடித்த தமிழ்ச் சொல் அவற்றின் பொருட்டு உடைவதில்லை. ஆனால் இது பரிந்துரைதான். இதை அப்படியே பின்பற்றும் செயலிகளும், தமக்கென விதிகளைச் சேர்த்துக்கொண்ட செயலிகளும், இடைவெளியையும் உடன் தெரிவு செய்யும் செயலிகளும் கலந்தே இருக்கின்றன. சோதனைத் தாளில் நீங்கள் கண்ட வேறுபாடுகள் இதன் விளைவே.

வேர்டில் மாற்ற வேண்டியதும் மாற்றக்கூடாததும்

வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்ற வரிசையில் சென்றால், எடிட்டிங் ஆப்ஷன்ஸ் என்ற தலைப்பின் கீழ் தெரிவு தொடர்பான சில கட்டங்களைக் காணலாம். அவற்றுள் முதன்மையானது, இழுத்துத் தெரிவு செய்யும்போது முழுச் சொல்லையும் தானாகவே சேர்த்துக்கொள்ளும் கட்டம். ஆட்டோமேட்டிக்கலி செலக்ட் என்டயர் வேர்டு என்று அதன் பெயர் முடியும். பெயரைப் பார்த்து இது இரட்டைச் சொடுக்கைக் கட்டுப்படுத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது மௌஸை அழுத்தியபடி இழுக்கும்போதுதான் வேலை செய்கிறது: ஒரு சொல்லின் நடுவில் தொடங்கி அடுத்த சொல்லுக்குள் நுழைந்த உடனே, தொடங்கிய சொல்லையும் அதன் தலையிலிருந்து சேர்த்துத் தெரிவு செய்துவிடும்.

ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு இது வசதி. தமிழில் அடிப்பவருக்குப் பெரும்பாலும் இடையூறு என்பது என் கருத்து. நம் மொழியில் வேற்றுமை உருபுகளும் இடைச்சொற்களும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டே வரும். 'கும்பகோணத்திலிருந்து புறப்பட்டு' என்ற தொடரில் ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, 'இலிருந்து புறப்பட்டு' என்ற பகுதியை மட்டும் மாற்ற விரும்பி இழுத்தால், கர்சர் இரண்டாம் சொல்லைத் தொட்டதும் ஊர்ப்பெயரும் தெரிவுக்குள் போய்விடும். அதைக் கவனிக்காமல் அடித்தால் ஊர்ப்பெயரை மறுபடியும் அடிக்க வேண்டியதாகும். எனவே தமிழில் மிகுதியாகத் திருத்தம் செய்பவர்கள் இந்தக் கட்டத்தில் உள்ள குறியை நீக்கிவிடுவதே நல்லது. நீக்கிய பிறகும் இரட்டைச் சொடுக்கு முன்போலவே முழுச் சொல்லைத் தெரிவு செய்யும்.

அதே பகுதியில் உள்ள ஸ்மார்ட் பாராகிராஃப் செலக்ஷன் என்பது, பத்தி முழுவதையும் தெரிவு செய்யும்போது பத்தியின் முடிவுக் குறியையும் சேர்த்துக்கொள்வது. பத்தியின் வடிவமைப்பு அந்தக் குறியில்தான் தங்கியிருக்கிறது என்பதால், வடிவமைப்பு இல்லாமல் சொற்களை மட்டும் வேறிடத்துக்குக் கொண்டுபோக விரும்புபவர்கள் இதை நீக்கலாம். சற்றுக் கீழே கட், காப்பி, பேஸ்ட் என்ற தலைப்பில் உள்ள ஸ்மார்ட் கட் அண்ட் பேஸ்ட் என்பதை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு சொல்லை வெட்டி வேறிடத்தில் ஒட்டும்போது கூடுதலாகவோ குறைவாகவோ வரும் இடைவெளிகளை அதுவே சரிசெய்கிறது.

உலாவியில்

இ-சேவை மையத்தின் வேலை பெரும்பாலும் உலாவியில்தான் நடக்கிறது. விவசாயியின் மகனோ மகளோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண்களைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் மூலம் திறந்து, படிவத்தில் ஒட்டுவதுதான் இன்றைய நடைமுறை. பிழை நுழையும் வாசலும் அதுவே.

ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் அபவுட் என்று அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி இட்டு, கான்ஃபிக் என்று அடித்து என்டர் தட்டுங்கள். எச்சரிக்கைப் பக்கம் ஒன்று வரும். ஏற்றுக்கொண்டு தொடரும் பொத்தானை அழுத்தினால் ஒரு தேடல் கட்டம் தோன்றும். அதில் வேர்டு, அடிக்கோடு, செலக்ட் ஆகியவற்றை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி அடித்தால், சொல் தெரிவு தொடர்பான சில வரிகள் மட்டும் காட்டப்படும். ஸ்டாப் அட் பங்க்சுவேஷன் என்று முடியும் வரி, நிறுத்தக்குறி வந்ததும் தெரிவு நிற்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அதன் வலப்பக்க ஓரத்தில் உள்ள இருபக்க அம்புக்குறியை அழுத்தி, ட்ரூ என்பதை ஃபால்ஸ் ஆக்கினால், 147/3ஏ போன்றவை சாய்கோட்டில் நிற்காமல் அடுத்த இடைவெளி வரை தெரிவாகும். ஈட் ஸ்பேஸ் டு நெக்ஸ்ட் வேர்டு என்று முடியும் வரி, சொல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியையும் விழுங்க வேண்டுமா என்பதைக் குறிக்கிறது. விண்டோஸில் அது ட்ரூ என்று இருந்தால் ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். வேறு எந்த வரியையும் தொடாதீர்கள். மாற்றிய வரிகள் தடித்த எழுத்தில் தெரியும். பழைய நிலைக்குத் திரும்ப, அந்த வரியின் ஓரத்தில் புதிதாகத் தோன்றியிருக்கும் வளைந்த அம்புக்குறியை அழுத்தினால் போதும்.

முதல் மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சொடுக்கினால் இனி முற்றுப்புள்ளியும் சேர்ந்தே தெரிவாகும். எண்களையே நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டிருப்பவருக்கு இது பொருட்டன்று. கட்டுரை எழுதுபவருக்குத் தொல்லையாக இருக்கும்.

குரோமின் அமைப்புப் பக்கத்தில் இதற்கென்று எந்த வசதியும் இல்லை. அதில் வேலை செய்பவர்கள் பின்னால் சொல்லப்படும் கை உத்திகளையே நம்ப வேண்டும்.

ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் மொத்தம் 11 எழுத்துகளே உண்டு: முதல் நான்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் சுழியம், மீதி ஆறும் கிளையைக் குறிப்பவை. படிவம் அதை மறுத்தால், முதலில் அந்தக் கட்டத்தில் சொடுக்கி என்ட் விசையை அழுத்திப் பாருங்கள். கர்சர் கடைசி எழுத்தை ஒட்டி நிற்காமல் சற்றுத் தள்ளி நின்றால், அங்கே இடைவெளி இருக்கிறது; ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டினால் தீர்ந்தது.

குறிப்புகளையும் பட்டியல்களையும் நோட்பேட் பிளஸ் பிளஸில் வைத்திருப்பவர்கள், செட்டிங்ஸ், பிரிஃபரன்சஸ், டிலிமிட்டர் என்ற வரிசையில் சென்று, சொல்லின் பகுதியாகக் கொள்ள வேண்டிய கூடுதல் குறிகளைத் தாங்களே சேர்க்கலாம். அங்கே சாய்கோட்டையும் சிறுகோட்டையும் சேர்த்துவிட்டால் புல எண்ணும் தேதியும் ஒரே இரட்டைச் சொடுக்கில் வந்துவிடும். லினக்ஸில் கட்டளைகளை அடிக்கப் பயன்படும் கான்சோல் முனையத்தின் ப்ரொஃபைல் அமைப்பிலும், மௌஸ் என்ற பகுதியில் இதே வசதி இருக்கிறது.

தமிழ்ச் சொல்லே உடைந்தால்

டெல்டாவின் அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் திருமண அழைப்பிதழ்கள், கும்பாபிஷேகப் பத்திரிகைகள், கண்ணீர் அஞ்சலிகள் ஆகியவற்றின் கோப்புகளில் பெரும்பகுதி யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. பாமினி, வானவில் போன்ற இந்த எழுத்துருக்களில் கணினி சேமித்து வைத்திருப்பது தமிழ் எழுத்து அன்று. ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் பிற குறிகளுமே சேமிக்கப்பட்டு, அவற்றின்மேல் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கிறது. எழுத்துருவை ஏரியல் என்று மாற்றிப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, ஆங்கிலத்தின் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் அமைந்திருக்கிறது. நம் கண்ணுக்கு அது க்-இன் புள்ளி. வேர்டுக்கு அது வாக்கியத்தின் நடுவே வரும் ஒரு நிறுத்தக்குறி. அரைப்புள்ளி வந்தால் சொல் முடிந்துவிட்டது என்பது விதி. ஆகவே மெய்யெழுத்து வரும் ஒவ்வோர் இடத்திலும் சொல் முறிகிறது. நீடாமங்கலம் என்பதில் முன்பகுதியைச் சொடுக்கினால் ங வரைதான் தெரிவாகும். அதன் புள்ளிகூடத் தெரிவுக்கு வெளியே நின்றுவிடும். பட்டுக்கோட்டை என்பதில் மூன்று புள்ளிகள் இருப்பதால் அது நான்கு துண்டுகளாகிறது. வலிவலம் என்பதோ, புள்ளி கடைசியில் மட்டும் வருவதால், ஏறக்குறைய முழுதாகவே தெரிவாகும். ஒரே பக்கத்தில் சில சொற்கள் முழுதாகவும் சில துண்டாகவும் தெரிவாவதைக் கண்டு மௌஸை மாற்றிப் பார்ப்பவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

இதற்கு எந்த அமைப்பு மாற்றமும் உண்மையான மருந்தாகாது. உரையை யூனிகோடுக்கு மாற்றுவதே வழி. நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இதற்கென்றே இருக்கின்றன. மாற்றுவதற்கு முன் மூலக் கோப்பின் நகல் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரையைத் தெரிவு செய்து நகலெடுத்து, மாற்றியில் மூல எழுத்துருவாகப் பாமினியையும் இலக்காக யூனிகோடையும் குறிப்பிட்டு மாற்றி, புதிய கோப்பில் ஒட்டி, எழுத்துருவை லதா அல்லது நிர்மலா என்று வையுங்கள். பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்ப்பது கட்டாயம். நடுநடுவே ஆங்கிலத்தில் அடித்திருந்த பெயர்களும் பட்டங்களும் மாற்றியின் கண்ணுக்குப் பாமினித் தமிழாகவே தெரிவதால், அவை பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். மாப்பிள்ளையின் படிப்பு அப்படி அச்சாகிப் போனால் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். உண்மையான அரைப்புள்ளி இருந்த இடங்களையும் பாருங்கள்.

ஆனால் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்புச் செயலியில் வேலை செய்யும் கடைகளுக்கு இந்த வழி திறக்காது. 2001இல் வந்த 7.0 பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. யூனிகோடு உரையை அது கையாளாது. அங்கே வேலை பழகும் புதியவர், தமிழ்ச் சொல்லுக்கு இரட்டைச் சொடுக்கை மறந்துவிட்டு, சொல்லின் தொடக்கத்தில் ஒருமுறை சொடுக்கி, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு சொல்லின் முடிவில் ஒருமுறை சொடுக்கப் பழகிக்கொள்வதே நல்லது.

அமைப்பைத் தொடாமல் செய்யக்கூடியவை

இந்த ஷிஃப்ட் உத்தி ஏறக்குறைய எல்லாச் செயலிகளிலும் வேலை செய்யும். கை நடுக்கத்தால் இரட்டைச் சொடுக்கு வராதவர்களுக்கும் இது உதவும். இரண்டு சொடுக்குகளுக்கு இடையே எவ்வளவு நேரம் ஆனாலும் கவலையில்லை.

இரட்டைச் சொடுக்கின் இரண்டாம் அழுத்தத்தில் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தால், தெரிவு எழுத்தெழுத்தாக நகராமல் சொல்சொல்லாக நீளும். மூன்று தொகுதிகளாக இருக்கும் ஆதார் எண்ணை எடுக்க இதுவே மிகச் சிறந்த வழி: முதல் நான்கு இலக்கங்களில் இரட்டையாக அழுத்திப் பிடித்து, கடைசித் தொகுதி வரை இழுத்து விட்டால், முன்பின் ஓர் இலக்கமும் விடுபடாமல் பன்னிரண்டும் கிடைக்கும். புல எண்ணுக்கும் தேதிக்கும் இதையே செய்யலாம். எண் மட்டும் தனி வரியாக இருந்தால் மும்முறைச் சொடுக்கும் போதும். ஆனால் வேர்டிலும் பெரும்பாலான உலாவிகளிலும் மூன்று சொடுக்குகள் பத்தி முழுவதையும் எடுக்கும். லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் மூன்று சொடுக்குகள் ஒரு வாக்கியத்தையும் நான்கு சொடுக்குகள் பத்தியையும் எடுக்கும். வேர்டில் ஒரு வாக்கியம் மட்டும் வேண்டுமென்றால் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு அந்த வாக்கியத்தில் ஒருமுறை சொடுக்க வேண்டும்.

மௌஸே வேண்டாம் என்பவர்களுக்கு வேர்டில் எஃப்8 விசை இருக்கிறது. ஒருமுறை தட்டினால் தெரிவு நீட்டும் நிலை தொடங்கும். அடுத்த தட்டில் சொல், அதற்கடுத்த தட்டில் வாக்கியம், பிறகு பத்தி, பிறகு ஆவணம் முழுவதும் என்று தெரிவு வளரும். எஸ்கேப் விசை அந்த நிலையை முடித்துவைக்கும்.

எக்செலில் இரட்டைச் சொடுக்கு வேறு வேலையைச் செய்கிறது. அது கட்டத்தைத் திருத்தும் நிலைக்குக் கொண்டுபோகும். உள்ளே சென்ற பிறகு செய்யும் இரட்டைச் சொடுக்குதான் சொல்லைத் தெரிவு செய்யும். கட்டத்தில் உள்ளது முழுவதும் வேண்டுமென்றால், அதன்மேல் ஒருமுறை மட்டும் சொடுக்கி நகலெடுப்பதே போதுமானது. புல எண்களை எக்செல் பட்டியலாக வைத்திருக்கும் மையங்களில் சாய்கோட்டுச் சிக்கல் எழாததன் காரணம் இதுதான். பட்டியல் வைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தொடங்கலாம்.

மௌஸே பழுதானால்

இத்தனையும் பார்த்த பிறகுதான் மௌஸைச் சந்தேகிக்க வேண்டும். பொத்தானின் அடியில் உள்ள சிறு சுவிட்ச் தேய்ந்துவிட்டால், ஒருமுறை அழுத்தும்போதே அதன் தொடுமுனை துள்ளி இரண்டு சொடுக்குகளாகப் பதிவாகும். கர்சரை வைக்க ஒருமுறை சொடுக்கினால் சொல் தெரிவாவதும், இழுத்துக்கொண்டிருக்கும்போதே தெரிவு சட்டென்று அறுந்து போவதும் இதன் அடையாளங்கள். முன்பு சொன்ன கோப்புறைப் படத்தின்மேல் நிதானமாக, ஒவ்வொன்றாகப் பலமுறை சொடுக்கிப் பாருங்கள். ஒற்றைச் சொடுக்குக்கே அது அவ்வப்போது திறந்தால் பழுது உறுதி. அந்தத் துள்ளல் வேகப் பட்டையின் மிக விரைவான நிலையைவிடவும் மிகக் குறுகிய நேரத்தில் நடப்பதால், பட்டையை நகர்த்தி இதைச் சரிசெய்ய முடியாது. வேறொரு மௌஸை இணைத்துப் பார்த்து, சிக்கல் மறைந்தால் பழையதை ஒதுக்கிவிடுங்கள்.

மடிக்கணினியின் தொடுபலகையில் வேலை செய்பவர்கள், விண்டோஸ் அமைப்பின் டச்பேட் பகுதியில் டாப்ஸ் என்பதைத் திறந்து, இருமுறை தட்டி இழுக்கும் வசதிக்கான கட்டத்தில் குறியிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் பலகையைத் தட்டி இழுத்துத் தெரிவு செய்ய முடியாது.

இரட்டைச் சொடுக்கின் வேகம் கணினிக்குப் பொதுவாக அன்றி, விண்டோஸில் நுழைந்திருக்கும் பயனரின் பெயரிலேயே சேமிக்கப்படுகிறது. இருவர் மாறி மாறி உட்காரும் கடையில் ஒரே பயனர் கணக்கைப் பயன்படுத்தினால், காலையில் ஒருவர் தம் கைக்கு வைத்த வேகம் மாலையில் வருபவருக்கு ஒவ்வாமல் போகும். ஆளுக்கொரு பயனர் கணக்கை உருவாக்கிக்கொள்வது நல்லது. அது முடியாத இடத்தில், பட்டை முன்பு எந்த நிலையில் இருந்தது என்பதையும் எந்தக் கட்டத்தில் குறியை நீக்கினீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.